குதிகாலைக் காட்டுங்க, நானா

லாபிருக்கு ஊசி என்றால் பயம். ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹோட்டல் நடத்துபவர். ஒரு முழு மாட்டுத் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தையிலிருந்து நடந்தே வருவார். அப்படிப்பட்டவர் 1999இல், நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு காலையில், தன் அக்கா கைறுன்னிஸாவின் கணவர் யஹ்யாவின் போட்டோ ஸ்டூடியோ வாசலில் முகம் வெளிறி வந்து நின்றார்.

"மச்சான், நீங்களும் வாங்க. நீங்க குடுத்தாத்தான் நான் குடுப்பேன்."

"என்னத்தக் குடுக்கணும்?"

"ரத்தம்."

பெருநாள் பிரியாணிக்குப் பிறகு லாபிருக்கு நெஞ்சில் ஓர் அழுத்தம். ஊருக்குப் புதிதாக வந்து கிளினிக் திறந்திருந்த டொக்டர் கமலாட்சி பரிசோதித்துவிட்டு, வாயுதான் என்று சொல்லியிருந்தார். ஆனாலும் இந்த உடம்புக்குக் கொலஸ்ட்ரோல் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும் என்றும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் போய் இரத்தம் கொடுக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

யஹ்யா அன்று காலை இன்னும் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாற்பத்து மூன்று வயது, மெலிந்த உடம்பு, பெல்ட்டில் கடைசி ஓட்டைக்கும் உள்ளே இன்னொரு ஓட்டை போட்டு வைத்திருப்பவர். அவருக்குக் கொலஸ்ட்ரோலைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் எதைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்காமல் அவரால் இருக்க முடியாது. முடி வெட்டுகிறவரிடம் எந்தப் பக்கத்து முடி வேகமாக வளரும் என்று கேட்பார். ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு மச்சானோடு நடந்தார். இரத்தம் எடுத்த இளம் பெண்பிள்ளையிடம், "கொழுப்பு தண்ணியில கரையாதே, ரத்தத்துல மட்டும் எப்படிப் போகுது?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே, "அதை டொக்டர்கிட்ட கேளுங்க, கையை மடக்குங்க," என்றது. லாபிர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஸலவாத்து ஓதினார்.

இரண்டு நாள் கழித்து இருவரும் டொக்டரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"லாபிர், உங்களுக்கு நூத்தித் தொண்ணூத்தாறு. மோசமில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்!"

"அவசரப்படாதீங்க. பிரஷர் கூடியிருக்கு, ரத்தத்துல சீனியும் எல்லையில நிக்குது. கொலஸ்ட்ரோல் சரியா இருக்குன்னு சொல்லிட்டு இந்த வயித்த இப்படியே வச்சிருக்க முடியாது." டொக்டர் மற்ற ரிப்போட்டை எடுத்தார். ஒருமுறை பார்த்தார். பிறகு மேலே இருந்த பெயரைப் பார்த்தார். "யஹ்யா நீங்கதானே?"

"நான்தான்."

"முன்னூத்தி எழுபத்திரெண்டு."

லாபிர் வாய்விட்டுச் சிரித்தார். "டொக்டர், பேரு மாறிப்போச்சு! இந்த எலும்புக்கூட்டுக்கா கொழுப்பு?"

டொக்டருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. திரும்பவும் எடுக்கச் சொன்னார், இந்த முறை கண்டியில். அங்கும் கிட்டத்தட்ட அதே எண்தான் வந்தது.

அடுத்த தடவை யஹ்யாவோடு அவர் மனைவி கைறுன்னிஸாவும் போனாள். டொக்டர் யஹ்யாவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னார். இரண்டு இமைகளிலும் மூக்கை ஒட்டிய மூலையில் மஞ்சள் நிறத்தில் தடித்த சிறிய திட்டுகள் இருந்தன.

"இது எவ்வளவு காலமா இருக்கு?"

"முப்பது வயசு தொடக்கம் இருக்கும். அது எங்க குடும்பத்து அடையாளம் டொக்டர். வாப்பாவுக்கும் இருந்துச்சு."

"வாப்பா இப்ப எங்க?"

"மௌத்தாயிட்டார். எனக்கு அப்ப இருபது. மிளகுத் தோட்டத்துல ஏணியில இருந்து எறங்கி வந்து, நெஞ்சு எரியுதுன்னு சொல்லிக்கிட்டே உக்காந்தார். எழும்பல்ல."

"அவருக்கு என்ன வயசு?"

"நாப்பத்தேழு."

டொக்டர் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஓடும் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பிறகு கைறுன்னிஸாவைக் கூப்பிட்டு, முதலில் அவளுடைய காலையும் அடுத்ததாக யஹ்யாவின் காலையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவளுடையது பென்சில் தடிப்பில் இருந்தது. அவருடையது கைப்பெருவிரல் தடிப்பு, அதோடு முடிச்சு முடிச்சாகவும் இருந்தது. பதினேழு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் அதை அவள் கவனித்ததில்லை.

"நான் ஆக்கிப்போட்டதாலயா டொக்டர்?" என்று கேட்டாள். "தேங்காப்பால் கொஞ்சம் கூடத்தான் விடுவேன்."

"உங்க கையால உங்க தம்பியுந்தானே சாப்பிடுறார்? அவருக்கு வரல்லையே." டொக்டர் நாற்காலியை அருகில் இழுத்துக்கொண்டார். "கொலஸ்ட்ரோல்ங்கறது விஷமில்ல. உடம்புக்கு அது வேணும். நம்ம ஈரலே அதைச் செய்யுது. சாப்பாட்டுல வாறது கொஞ்சந்தான். மிஞ்சுறதை ஈரல் திரும்ப எடுத்துக்கணும். சில குடும்பங்கள்ல அந்த எடுக்கிற வேலை பாதிதான் நடக்கும். பொறக்கும்போதே அப்படி. அதனால ரத்தத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும். இமையில, காலுல, எங்கெல்லாம் தங்க முடியுமோ அங்கெல்லாம் தங்கும்."

யஹ்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நெஞ்சுல? குழாயில அழுக்கு அடைக்கிற மாதிரியா?"

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. குழாய்க்கு உள்பக்கம் ஒட்டுறதில்ல. குழாய்ச் சுவருக்குள்ளயே புகுந்து உக்காருது. அந்த எடத்துல சுவர் வீங்கும். ஒரு நாளைக்கு அந்த வீக்கம் வெடிக்கும். வெடிச்ச எடத்துல ரத்தம் கட்டியாகி வழிய மூடிடும். அதுதான் மாரடைப்பு."

"வெடிக்கிறது முன்னாடியே தெரியுமா?"

"பல பேருக்குத் தெரியாது. அதனாலதான் எண்ணைப் பாக்கிறோம்."

திரும்பி வரும் வழியில் யஹ்யாவுக்குப் பயம் வந்தது. ஆனால் பயத்தைவிட ஆச்சரியம் பெரிதாக இருந்தது. தன் உடம்புக்குள் தனக்குத் தெரியாமல் இப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. வாப்பாவுக்குள்ளும் அதுவே நடந்திருக்கிறது. அல்லாஹ்வின் நாட்டம் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படியே ஏற்றுக்கொண்டார். அந்த நாட்டத்துக்கு இப்படி ஒரு வழி இருந்ததா என்று இப்போதுதான் யோசித்தார்.

மாத்திரை, குளிசை என்று தொடங்குவதற்கு முன் சாப்பாட்டால் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. டொக்டர் சம்மதித்தார். ஆனால் மூன்று மாதந்தான், அதற்கு மேல் இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டில் மாட்டிறைச்சி நின்றது, நெய் நின்றது. கைறுன்னிஸா தேங்காய்ப்பாலைத் தண்ணீராக்கி, பருப்பும் கீரையும் மீனுமாகச் சமைத்தாள். லாபிரின் ஹோட்டலிலிருந்து வரும் பொட்டலம் வாசலோடு திரும்பிப் போனது. யஹ்யா விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் வீடிருந்த கொங்காவெலையிலிருந்து அளுவிகாரை வரை நடந்து போய்த் திரும்பினார். செக்பொயின்றில் நின்ற ஆமிக்காரர் முதல் வாரம் அவரைத் தினமும் சோதித்தார், பிறகு "மொகத மாத்தயா, அதத் எவிதினவாத?" என்று சிரிக்கத் தொடங்கினார். சிங்களத்தில் அதற்கு, என்னையா, இன்றைக்கும் நடையா என்று அர்த்தம்.

மூன்று மாத முடிவில் எண் முன்னூற்று முப்பத்தொன்று. யஹ்யா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு பாடுபட்டு நாப்பதுதான் எறங்கியிருக்கு!"

"அந்த நாப்பது உங்க மனைவியோட கையாலயும் உங்க காலாலயும் எறங்கினது. அதை விட்டுடாதீங்க," என்றார் டொக்டர். "மத்தது ஈரல்கிட்ட இருக்கு. அதோட பேச சாப்பாட்டுக்குத் தெரியாது. குளிசைக்குத்தான் தெரியும்."

குளிசை கண்டியிலிருந்து வர வேண்டியிருந்தது. அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று யஹ்யா கேட்டார். ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதை அது தடுக்கிறது, செய்ய முடியாத ஈரல் இரத்தத்திலிருந்து பிடித்துக்கொள்கிறது என்று டொக்டர் சொன்னதும், "நல்ல தந்திரம்!" என்று மேசையில் தட்டினார். அடுத்த சோதனையில் இருநூற்றுப் பதினைந்துக்கு வந்தது. தசைவலி வந்தால் உடனே சொல்ல வேண்டும், எண் இறங்கிவிட்டதே என்று தானாக நிறுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

"இன்னொண்ணு," என்றார் டொக்டர். "இது குடும்பத்துல ஓடுற விஷயம். பிள்ளைக்கும் பாக்கணும். உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க?"

மகள் ஹமீமாவுக்குப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. கைறுன்னிஸா ரிப்போட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடப்பிறந்தவர்களைப் பற்றிய கேள்வியை மட்டும் யஹ்யா தள்ளிப்போட்டார்.

கூடப்பிறந்தவர் ஒருவர்தான். கலந்தர் நானா, ஏழு வயது மூத்த அண்ணன், மலைக்கு அப்பால் பல்லேகமவில் வயலும் ஒரு சிறிய கடையும் வைத்திருந்தார். இருவரும் பேசிப் பத்து வருடமாகியிருந்தது. எண்பத்தொன்பதில், கிளர்ச்சியும் ஊரடங்கும் வீதியோரப் பிணங்களுமாக இருந்த நாட்களில், அவர்களுடைய உம்மா மாத்தளையில் மௌத்தானார். அடக்கத்துக்கு ஆமிக்காரர்கள் கொடுத்தது அன்று பகலில் கொஞ்ச நேரம்தான். கலந்தர் செய்தி கேட்டு மலைப் பாதையில் பாதி நடந்தும் பாதி ட்ரக்டரிலுமாக வந்து சேர்ந்தபோது கபுரில் மண் மூடியிருந்தது. "என் உம்மாட மொகத்தப் பாக்க விடல்லையே நீ," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனவர்தான்.

ஸ்டூடியோவில் ஒரு நாள் பிற்பகல் ஆட்கள் வரவில்லை. யாரோ ஒரு மாப்பிள்ளையின் படத்தில் இருந்த தழும்பை யஹ்யா தூரிகை நுனியால் தொட்டு மறைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று கை நின்றது. பேச்சு நிற்பதற்கு முந்திய நாட்களில், கலந்தரின் கறுப்பு வெள்ளை அடையாள அட்டைப் படத்திலும் இதே மாதிரி வேலை செய்திருக்கிறார். "கண்ணுக்குக் கிட்ட இருக்கிற அந்த வெள்ளையைக் கொஞ்சம் எடுத்துடு தம்பி, பார்க்கச் சகிக்கல்ல," என்று நானாதான் சொன்னார். இரண்டு கண்ணிலும் இருந்தது. இரண்டையும் யஹ்யா தன் கையாலேயே அழித்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே கைறுன்னிஸாவிடம் சொன்னார். "நானாவுக்கும் இருக்கு. நூத்துக்கு நூறு இருக்கு."

"அப்ப என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"கதவத் தொறக்க மாட்டார்."

"மதினி தொறப்பாங்க. நானும் வாறேன்."

பஸ் ரத்தோட்டை தாண்டி மலையில் ஏறியது. ரிவஸ்டன் கணவாயில் காற்று ஜன்னல் கண்ணாடிகளை உலுக்கியது. மூடுபனிக்குள் றைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். அந்தப் பக்கம் இறங்கியதும் வெயில் அடித்தது. பாதையின் கீழே வயல்கள் படிப்படியாகத் தெரிந்தன.

கைறுன்னிஸா சொன்னபடியே நடந்தது. மதினி நூருன்னிஸா கதவைத் திறந்து, ஒரு கணம் திகைத்து, பிறகு கைறுன்னிஸாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். கலந்தர் உள்ளே நீளமான மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. இமைகளின் மூலையில் அந்தத் திட்டுகள் முந்தியதைவிடப் பெரிதாக, மஞ்சளாக இருந்தன. யஹ்யாவின் ஸலாமுக்குப் பதில் ஸலாம் சொன்னார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தேத்தண்ணீர் வந்தது. குடித்து முடித்தார்கள். வழியெல்லாம் யோசித்து வைத்த எந்த வசனமும் யஹ்யாவுக்கு ஞாபகம் வரவில்லை. எழுந்து போய் நானாவுக்கு முன்னால் சிமெந்துத் தரையில் உட்கார்ந்தார்.

"குதிகாலைக் காட்டுங்க, நானா."

கலந்தர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "என்ன வேல இது? காலப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கிற வழக்கம் எங்களுக்குள்ள எப்ப வந்துச்சு? எழும்பு!"

"மன்னிப்பும் கேக்கணுந்தான். அதுக்கு முந்தி குதிகாலைப் பாக்கணும்."

"இவனுக்குப் பைத்தியமா?" என்று கலந்தர் மனைவியைப் பார்த்தார்.

யஹ்யா தன் காற்சட்டையைச் சுருட்டித் தன் காலைத் திருப்பிக் காட்டினார். "இங்க தொட்டுப் பாருங்க. இதே மாதிரி உங்களுக்கும் இருக்கா?"

கலந்தர் தொடவில்லை. ஆனால் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யஹ்யா கையை நீட்டி நானாவின் காலைப் பிடித்துவிட்டார். விரல்களுக்கு உடனே தெரிந்தது. தன்னுடையதைவிடத் தடிப்பு, கல் கட்டி வைத்த மாதிரி இருந்தது.

"சப்பாத்துப் போட்டா அங்கதான் உரசும்," என்றார் கலந்தர். குரலில் கோபம் இருந்த இடத்தில் இப்போது சந்தேகம் வந்திருந்தது. "பிஞ்ச செருப்புப் போட்டு அப்படி ஆயிடுச்சுன்னு நெனச்சேன். இதப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தே?"

யஹ்யா சொல்லத் தொடங்கினார். இமை, கால், ஈரல், சுவருக்குள் புகுந்து உட்காரும் கொழுப்பு, வாப்பாவின் ஏணி. கலந்தர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிவில், "எனக்கு நெஞ்சுல ஒண்ணுமில்ல," என்றார்.

"பொய்," என்று சமையலறை வாசலிலிருந்து சொன்னாள் நூருன்னிஸா. "வயல்ல இருந்து மேட்டுல ஏறி வாறதுக்குள்ள நடுவுல நிக்கிறாங்க. நெஞ்சத் தடவுறாங்க. கேட்டா வாயுங்கறாங்க. கொஞ்சம் நின்னாச் சரியாகிடுது, திரும்ப ஏறினா வருது."

கலந்தர் அவளை முறைத்தார். பிறகு முறைப்பை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"நீ அன்னைக்கு எனக்காகக் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்," என்றார், தம்பியைப் பார்க்காமல்.

"காத்திருக்கத்தான் பாத்தேன் நானா. ஆமிக்காரங்க துவக்கோட பக்கத்துல நின்னாங்க. உம்மா கெடந்த ஸந்தூக்கக் காட்டி, எடுக்கிறீங்களா இல்ல நாங்க எடுக்கட்டுமான்னு கேட்டாங்க. ரோட்டுப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னேன்."

"இத நீ அப்பவே சொல்லல்ல."

"நீங்க நிக்கல்லையே."

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. அது மாத்தளைக்குத் திரும்பும் கடைசி பஸ். யாரும் எழவில்லை. நூருன்னிஸா கோழி அடிக்கட்டுமா என்று கேட்டாள். கைறுன்னிஸா, "தோலை உரிச்சிட்டு, தேங்காப்பால் இல்லாம," என்றாள். "அது என்ன கறி?" என்று கலந்தர் கேட்டார். அன்று அவர் கேட்ட முதல் சாதாரணக் கேள்வி அதுதான்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் நாலு பேரும் மாத்தளைக்கு வந்தார்கள். டொக்டர் கமலாட்சி கலந்தரின் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார். எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே கண்டிக்கு எழுதிக் கொடுத்தார். கண்டியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். இருதயத்துக்குப் போகும் மூன்று குழாய்களிலும் சுவர் தடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் மேட்டில் ஏறி இறங்கியிருந்தால் ஏதாவது ஒன்று வெடித்திருக்கும் என்று அங்கே சொன்னார்கள். காலிலிருந்து இரத்தக் குழாய் எடுத்து நெஞ்சில் வைத்துத் தைத்தார்கள். கலந்தர் கண் விழித்தபோது கட்டிலருகே யஹ்யா இருந்தார். "வலிக்குதா? எப்படி வலிக்குது, எரிச்சலா, குத்துறதா?" என்று கேட்டார். "போடா அங்கால," என்றார் கலந்தர். இரண்டு வார்த்தை பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் தம்பியின் கையை விடவில்லை.

உடம்பு தேறும்வரை கலந்தர் யஹ்யாவின் கொங்காவெலை வீட்டில்தான் இருந்தார். லாபிர் ஒரு நாள் பெரிய நானாவுக்கென்று ஈரல் வறுவல் கொண்டுவந்து கைறுன்னிஸாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். சீனி எல்லையில் நின்ற லாபிரையும் யஹ்யா காலை நடைக்கு இழுத்துக்கொண்டு போனார். லாபிர் பாதி வழியில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்துவிடுவார்.

கலந்தருக்கு ஒரே மகள், றஸ்மியா. யட்டவத்தயில் கட்டிக் கொடுத்திருந்தார்கள், கைக்குழந்தை இருந்தது. வாப்பாவைப் பார்க்க வந்தவளை எல்லோருமாக டொக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவளுக்கு இருபத்து நாலு வயது. எண் முன்னூற்று நாற்பது.

கலந்தர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் குடுத்ததா இது?"

"வாப்பா, உங்க மூக்கையும் நீங்கதான் குடுத்தீங்க," என்றாள் றஸ்மியா. "அதுக்கு நான் சண்டைக்கு வந்தேனா?"

டொக்டர் சிரித்தார். பால் கொடுக்கும் காலத்தில் குளிசை கூடாது, பால் மறந்த பிறகு தொடங்கலாம், அடுத்த பிள்ளை வேண்டுமென்றால் அதற்கு முன்பே வந்து சொல்லி நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். அதுவரை சாப்பாடும் நடையும்.

"பிள்ளைக்கும் இருக்குமா?" என்று றஸ்மியா கேட்டாள்.

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சரிபாதி. கொஞ்சம் வளரட்டும், பாப்போம். இப்பயே தெரிஞ்சா நல்லதுதானே? உங்க வாப்பா மாதிரி மேட்டுல நின்னு நெஞ்சத் தடவத் தேவையில்ல."

யஹ்யாவுக்குக் கேள்வி முடியவில்லை. "டொக்டர், எங்களுக்கு வாப்பா குடுத்தார். வாப்பாவுக்கு யாரு குடுத்தது? வாப்பாட உம்மாவா, வாப்பாட வாப்பாவா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? உங்க வாப்பாவோட வாப்பா எந்த ஊரு? அங்க யாராவது இருந்தா அவங்களையும் வரச் சொல்லணும்."

"உக்குவெல," என்றார் யஹ்யா.

"யாரு சொன்னா?" கலந்தர் நிமிர்ந்தார். "வாப்பாட வாப்பா அக்குறணையில இருந்து வந்தவர். உக்குவெல அவர் பொண்ணெடுத்த ஊரு."

"உம்மா சொல்லியிருக்காங்களே, உக்குவெலன்னு!"

"உம்மா உனக்குச் சொன்னது வேற, எனக்குச் சொன்னது வேறயா?"

கிளினிக் வாசலில் தொடங்கிய வாக்குவாதம் வீதியிலும் தொடர்ந்தது. முதலில் அக்குறணைக்குப் போய்க் கேட்பதா, உக்குவெலைக்குப் போய்க் கேட்பதா என்று அண்ணனும் தம்பியும் மாறி மாறிப் பேசிக்கொண்டு, சனத்துக்குள் வழி விட்டு வழி பிடித்து நடந்தார்கள். றஸ்மியா தூங்கிப்போன குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் வந்தாள்.